பொம்மை மீனுக்கு அந்தோணியார் ரொட்டி

அதிகம் படிக்காதவனுக்கு வேலை கொடுக்கலாம். பக்தி உள்ளவனுக்கும் கொடுக்கலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவனை மீன் தொட்டிப் பக்கம் விடக்கூடாது. அந்த ஆள் நான்தான்.

துறைமுகத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன். இடுப்பு பிடித்துக்கொண்டதும், எண்ணூர் பக்கம் ஒரு மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் கவிதா மேடம், தூத்துக்குடிப் பெண். கண்ணாடியை வெளியே மட்டும் துடைக்க வேண்டும், தொட்டிக்குள் எதையும் போடக்கூடாது என்றார். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

தொட்டியில் கப்பி மீன்கள். அதில் ஒன்று எப்போது பார்த்தாலும் வலது மூலையில் அசையாமல் நிற்கும். வாயைத் திறக்காது. தவக்காலம் என்பதால் முதலில் அதை மெச்சினேன். (எங்கள் கோயில் பங்கில் இவ்வளவு கடுமையாக ஒருசந்தி நோன்பு பிடிக்கிற மனுஷனே கிடையாது.) ஈஸ்டர் முடிந்து எல்லோரும் பிரியாணிக்குத் திரும்பிய பிறகும் அது சாப்பிடவில்லை. நோய் என்று முடிவு கட்டினேன்.

மீன்களுக்கே பிரசங்கம் செய்தவர் அந்தோணியார். அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? செவ்வாய்க்கிழமை நவநாள் பூசையில் தரும் மந்திரித்த ரொட்டியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தேன். வலது பக்கம் முழுக்க கேமராவும் வயரும் இருந்ததால், இடது பக்கம் நின்று சிலுவை போட்டு, ஒரு ஜெபம் சொல்லி, பொடித்துத் தூவினேன். (மந்திரித்த ரொட்டி அந்த 'எதையும்' கணக்கில் வராது என்பது என் வேதசாஸ்திரம்.) நோயாளி அசையவில்லை. மற்றவையெல்லாம் தின்று கொழுத்தன. விசுவாசம் போதவில்லை என்று, செவ்வாய் ரொட்டியை மிச்சம் பிடித்துத் தினமும் தூவ ஆரம்பித்தேன்.

மேடம் சோதனை செய்யும்போது அறையில் யாரும் இருக்கக்கூடாது. நான் கண்ணாடி துடைப்பது அவர் போன பிறகுதான். அதனால் என் ஊழியம் அவருக்குத் தெரியாமலே நடந்தது.

வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் மேடத்துக்குப் பட்டம். டீ கொடுக்க என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேடம் விளக்கிக்கொண்டிருந்தார்: அந்த வலது மூலை மீன் ரப்பரில் செய்த ரோபோவாம். தொட்டிக்கு அடியில் காந்தம் வைத்த வண்டி அதை இழுக்குமாம். அது தீனி இருக்கும் இடத்துக்குப் போனால், மற்ற மீன்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பின்னாலேயே போகுமாம்.

டீத் தட்டோடு என் வழக்கமான இடது பக்கம் ஒதுங்கினேன். இவ்வளவு நாள் ரப்பருக்கு நவநாள் சொல்லியிருக்கிறேன்.

ரோபோ புறப்பட்டது. பின்னால் ஒரு மீன்கூட இல்லை. எல்லாம் இடது கண்ணாடியில் என் எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்றன. நைசாக வலது பக்கம் நகர்ந்தேன். மொத்தக் கூட்டமும் கூடவே நகர்ந்தது. தட்டோடு குந்தினேன். அவையும் அடிக்கு இறங்கின.

பெரிய பேராசிரியர் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இதுல ரோபோ எது?"

அவர்கள் போன பிறகு மேடம் கேட்டார்: "அண்ணே, உள்ள என்ன போட்டீங்க?"

"மந்திரிச்ச ரொட்டி மேடம். அந்த மீனு துன்னாமயே கெடந்துச்சு."

"அதுக்கு வயிறே கிடையாதுண்ணே" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

புது மீன், புதுத் தொட்டி, முதலிலிருந்து ஆரம்பம். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. என்னைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். பட்டம் வாங்கிய அன்று மேடம் செடிகளுக்கு நடுவே வந்து லட்டு கொடுத்தார். உள்ளே மட்டும் கூப்பிடவில்லை.

இப்போது எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்கு நான் தலைவர். போன திருவிழாவில் கொடி பிடித்து முன்னால் நடந்தேன். பின்னால் தெருவே வந்தது. என் மனைவி பிலோமினா பக்கத்து வீட்டம்மாவிடம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்:

"இந்தாளு பின்னால போற கும்பல பாரு. கைல ரொட்டி கீதானு பாத்துகினே போவுது."

ஊரே சிரித்தது, இன்னும் சிரிக்கிறது. ஆனால் பிலோமினா கணித்தது தப்பு. எனக்கு முன்னால் பிரியாணி அண்டா ஏற்றிய ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. அவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நானும்.