மரபுப்படி ஒரு பிணம்

கோடையில் மக்களுக்கு வெயில் மட்டும் போதாது என்று மேலிடம் உணர்ந்ததால், திருவொற்றியூர் கடற்கரையில் நாட்டுப்புற இசை விழா நடத்த ஆணை பிறந்தது. வேர்களைத் தேடி அடையாறு, பெசன்ட் நகரிலிருந்து கைத்தறி உடுத்தி வந்தவர்கள் மண்குவளையில் கூழ் வாங்கி, குவளையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கூழை மணல் குடித்தது.

செங்கொடி வேர் தேடி வரவில்லை. எண்ணூர்ப் பக்கம் அவள் தெருவில் ஓயாமல் ஆலைச் சாம்பல் விழுகிறது. எந்த ஆலை என்று கேட்டால் ஒவ்வோர் ஆலையும் அடுத்த ஆலையைக் காட்டும். மகளுக்கு மூச்சிரைப்பு. மனு கொடுத்து அலுத்தவள், மனுவையே கானாவாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மேளம், கணவன் வால்டர்.

விழாத் தனி அலுவலர் குணசேகரன் மேடைப் படியில் மறித்தார்.

"உங்களுக்கு அனுமதி மரண கானாப் பிரிவில். பிணம் எங்கே?"

"இன்னா சார் பேசற? பாட வந்துகீறோம்."

"பிணமில்லாத மரண கானா மரபுக்கு விரோதம். உங்கள் கணவர் படுக்கட்டும்."

"நான் பட்த்துக்கினா மேளம் யாரு நைனா, நீ அடிப்பியா?" என்றான் வால்டர்.

"ஒரு பொம்மைய வச்சுக்கலாம் சார்" என்றாள் செங்கொடி.

போலிகளுக்கு அரசு விழாவில் இடமில்லையாம். கடைசியில் கடமையுணர்ச்சி மேலிட, அலுவலரே செருப்பைக் கழற்றி பெஞ்சில் படுத்தார். நெற்றியில் காசு வைத்தார்கள். வால்டர் மரபு குறையாமல் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடையை இழுத்து வாய்க்கட்டும் போட்டான்.

'நாளைக்கு வாங்க' என்று சொல்ல வாயில்லாமல் ஓர் அலுவலர் ஒரு மனுவை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

*காயப்போட்ட வெள்ளச் சேல கறுத்துப் போச்சு*
*கண்ணே உன் நெஞ்சுக்குள்ள கரி ஏறிப் போச்சு*

பிணத்தின் கண்ணோரம் நீர் வழிந்தது. கட்டு அவிழ்ந்ததும் குணசேகரன் மைக்கைப் பிடித்தார்.

"இப்பாடலைப் பாதுகாக்கப்பட்ட மரபாக அறிவிக்கப் பரிந்துரைக்கிறேன்."

"பாட்டு கெடக்கட்டும் சார். சாம்பலு?"

"அதையும் பாதுகாப்போம். சாம்பல் நின்றுவிட்டால் பாட்டு எங்கிருந்து வரும்? ஒரு துகள் குறையாமல் பார்த்துக்கொள்வது இனி அலுவலகத்தின் பொறுப்பு."

கைத்தறிகள் எழுந்து நின்று கைதட்டின. அது போகட்டும். ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்த செங்கொடியின் தெருக்காரர்கள் அதைவிட பலமாக விசிலடித்தார்கள். அவர்கள் தெருவுக்கு மரபு கிடைத்துவிட்டதே. அவள் மறுபடி ஏதோ சொல்ல மைக்கை வாங்கினாள்; "ஒன்ஸ்மோர்" அதை அமுக்கிவிட்டது.

பக்கத்துத் தெரு கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவுங்க தெருவுல இன்னா பெரிய சாம்பலு? எங்க தெருவாண்ட வந்து பாரு சார், சோத்துப் பானைய தெறக்க முடியாது. எங்களையும் சேத்துக்கோ."

"உங்களிடம் பாட்டு இருக்கிறதா?"

"பாட்டு இல்ல சார்" என்றாள் கன்னியம்மா, விட்டுக்கொடுக்காமல். "பொணத்துக்குக் கொறச்சலே இல்ல."