சப்பாத்திக்கள்ளிச் சிபாரிசு

எங்கள் புந்தோங்கில் ‘கேட்காமலே மருந்து சொல்பவர்’ என்றொரு இனம் உண்டு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார், லோரி ஓட்டியவராக இருப்பார், எதுவாக இருந்தாலும் கோப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் “தே ஓ, சீனி வேணாம்” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, “இனிப்பு நீரா? எவ்வளவு இருக்கு?” என்று ஆரம்பித்துவிடுவார். நலம் விசாரிக்கிறார் என்றா நினைத்தீர்கள்? நோயாளி பிடிக்கிறார் ஐயா.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? நானும் அந்த இனம்தான். என் துறை சப்பாத்திக்கள்ளி.

பீடோர் பக்கம் ஒரு செடிக்கடையில் வாங்கி வந்து வாசலில் வைத்தேன். அதன் சாற்றைக் குடித்தேன். கிளினிக்கில் பார்த்தபோது சீனி இறங்கியிருந்தது. போதாதா? கல்யாண வீட்டில் சொன்னேன், கோயில் வரிசையில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன், போனவர் மோட்டார் விபத்தில் போனவர் என்று தெரிந்த பிறகும் சொன்னேன்.

எல்லாரும் தலையாட்டிவிட்டு மறந்தார்கள். பக்கத்து வீட்டுச் சன்னாசி மட்டும் மறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுபவர். அவருக்கும் இனிப்பு நீர். யார் எது சொன்னாலும் நம்புகிற மனுஷன்.

“அண்ணே, மெய்யாலுமா?”

“என்னைப் பாருலா தம்பி. எப்படி இருக்கேன்?”

“அப்ப மாத்திரை?”

இங்கேதான் எங்கள் இனத்தின் சாமர்த்தியம். ‘நிறுத்து’ என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். உதட்டைப் பிதுக்குவோம். “அதெல்லாம் கிட்னிக்கு ஆகாது. அவ்வளவுதான் நான் சொல்வேன்” என்போம்.

சன்னாசி நிறுத்திவிட்டார்.

சில வாரங்கள் போயின. ஒரு காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேனைத் திருப்பியவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, முன்சக்கரம் லோங்காங்கில், அதாவது சாலையோரச் சாக்கடையில், இறங்கிவிட்டது. பிள்ளைகள் உள்ளே இருந்திருந்தால்?

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, எங்கள் ஊர்க் கணக்கில் ஏழுக்குள் இருக்க வேண்டிய சீனி அவருக்கு இருபத்தெட்டு. நான் என் மனைவி கலாதேவியோடு பார்க்கப் போனேன். சும்மாவா போவேன்? கையில் ஒரு போத்தல் கள்ளிச்சாறு.

சன்னாசியின் மனைவி முத்தம்மா அழுது வீங்கிய கண்ணோடு கேட்டார்: “அண்ணே, நீங்க சொன்ன மாதிரியேதான் குடிச்சாரு. உங்களுக்கு மட்டும் எப்படி எறங்குச்சு?”

நான் தொண்டையைக் கனைத்து, “அது உடம்பு வாகு...” என்று தொடங்கினேன். கலாதேவி முடிக்க விடவில்லை.

“அவரு மாத்திரையும் போடுறாருலா. ஒரு வேள விட்டதில்ல. ஒரு நாள் எடுத்து வைக்க மறந்துட்டேன்னு வீட்டயே ரெண்டாக்கிட்டாரு!”

முத்தம்மா என்னைப் பார்த்தார். ஊசி போட வந்த தாதியும் பார்த்தார். நான் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன்.

சன்னாசி திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். “அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாண்ணே” என்றார், மெதுவாக. எனக்குப் போத்தலை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கினார். “என்னா தண்ணி அது? இனிப்பு நீருக்கா?”

வாய் தானாகத் திறந்தது. கலாதேவி என் முழங்கையைப் பிடித்தாள். “ஒன்னுமில்லீங்க,” என்றேன். “டாக்டர் கொடுக்கிறத ஒழுங்கா சாப்பிடுங்க.” நான் சொன்ன வைத்தியத்திலேயே சரியான வைத்தியம் அதுதான். சொல்லி முடித்தபோது எனக்குத்தான் வேர்த்துவிட்டது.

சன்னாசி தேறிவிட்டார். ஊசி போட்டுக்கொள்கிறார். டாக்டர் சரியென்ற பிறகு மறுபடியும் வேன் ஓட்டுகிறார். போன வாரம் கோப்பிக் கடையில் அவர் குரல் கேட்டது. புதிதாக யாரையோ பிடித்துவைத்து, “கள்ளி வேணாம்லா, அது ஆகாது. வெந்தயம் போடுங்க!” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்ன செய்வது, ஒட்டுவாரொட்டி.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சாற்றை எப்படி எடுப்பது, எவ்வளவு குடிப்பது என்று இந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லையே என்று உள்ளே ஒரு குறை தட்டுகிறதா? உங்களுக்காக இல்லை, சரி. தெலுக் இந்தானில் இருக்கும் சித்தப்பாவுக்காக.

நானும் ஒரு சித்தப்பாவுக்காகத்தான் ஆரம்பித்தேன்.