வெல்டிங் அண்ணன் வாதாடிய வழக்கு

கடவுள் மனிதர்களுக்கெல்லாம் கோபத்தை அளந்து கொடுத்துவிட்டு, மீந்ததை மொத்தமாகக் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் கொட்டியிருக்க வேண்டும். அவ்வளவும் வெல்டிங் அண்ணன் தலையில் விழுந்தது. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் அவருக்குக் கோபம் வரும். முந்தி வந்தால் அதைவிடக் கோபம் வரும். அவர் பட்டறைக்கு அடுத்த கடையில் நான் கம்ப்யூட்டர் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். காலையில் என் கடை ஷட்டர் திறக்கும் முன்பே அவர் வாய் திறந்துவிடும்.

ஆனால் ஒரு கோபத்தில் மட்டும் நான் முழுசாக அவர் கட்சி.

பேங்குக்காரர்கள் கிரெடிட் கார்டைக் கல்யாணப் பத்திரிகை போல வீடு வீடாக வைத்துவிட்டுப் போன காலம் அது. டை கட்டிய ஒருவர், "சும்மா வச்சிருங்கண்ணே, சார்ஜே கிடையாது" என்று அண்ணன் கையில் ஒன்றைத் திணித்தார். அதில் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கட்டிங் மெஷின் வாங்கினார் அண்ணன். அடுத்த மாதமே முழுப் பணத்தையும் கட்டினார். கார்டை அதே மெஷினில் கொடுத்து இரண்டாக அறுத்தார். 'இனி வேண்டாம்' என்று பதிவுத் தபாலும் அனுப்பினார்.

பேங்க் விடவில்லை. அவர் கேட்காத இன்சூரன்சுக்கு ஒரு தொகை, அதைக் கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று ஏற்றி, மூன்று வருஷத்தில் நாற்பத்தோராயிரம் என்றார்கள். வசூல்காரர்கள் அவருக்குப் போன் செய்து பார்த்தார்கள். காது வலித்ததோ என்னவோ, அண்ணி டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்து நம்பரைப் பிடித்தார்கள். "உங்க டீச்சர் வீட்டுக்காரர் ஏமாத்துக்காரர்" என்று தலைமை ஆசிரியையிடமே சொன்னார்கள். அண்ணி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது, ஆசிரியர் அறையில் பேச்சு சட்டென்று நின்றதாம்.

கடைசியில் குழித்துறைக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வக்கீலைப் பார்த்தால், "பாதியக் கட்டி ராஜியாயிருங்க" என்றார். "தின்னாத மீனுக்குப் பாதி விலையா வே?" என்று எழுந்தவர் நேராக என் கடைக்கு வந்தார்.

"மக்கா, நான் சொல்லுதத அப்படியே அடி. 'இந்தக் கள்ளப் பயக்க...'"

"அண்ணே, கோர்ட்டுக்கு அப்படி எழுதக்கூடாது."

"பின்ன எப்படி?"

"மேற்படி வாதி வங்கியார்."

"கள்ளனுக்கு 'ஆர்' போட்டு மரியாதை வேறயா?"

நாலு பக்கப் பதிலுரைக்கு மூன்று நாள் சண்டை போட்டோம்.

விசாரணையன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். கூண்டில் பேங்க் அதிகாரி நின்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்தது, வக்கீல் வைக்காத வெல்டிங் அண்ணன்.

"நான் இன்சூரன்ஸ் கேட்டனா?"

"போன்ல சம்மதிச்சிருக்கீங்க. ரெக்கார்டு இருக்கு."

"அதப் போடும், கேப்போம்."

"இப்ப... கைவசம் இல்ல."

"எப்படி இருக்கும்? எனக்க சத்தத்தப் பிடிச்சா அந்த மெஷினே பொட்டித் தெறிச்சிருக்குமே!"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி, "சத்தத்தைக் குறைச்சுப் பேசுங்க" என்றார்.

"குறைச்சதுதான் சாரே இது."

பதிவுத் தபால் ரசீதை நீட்டிவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பினார். "எனக்க பொண்டாட்டிக்க பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு வே போன் பண்ணினிய? அவ உங்களுக்கு ஒரு பைசா தரணுமா?"

சிரிப்பு நின்றது. "அது வேற ஏஜென்சி பண்ணது" என்றார் அதிகாரி, தரையைப் பார்த்து.

வராந்தாவில் பேங்க் வக்கீல் வந்து, பத்தாயிரம் தந்தால் வழக்கை முடித்துவிடலாம் என்றார்.

"பத்து பைசா தரமாட்டேன். எனக்குத் தீர்ப்பு வேணும்."

கிடைத்தது. கடன் நிரூபிக்கப்படவில்லை, வழக்கு தள்ளுபடி. நகல் கைக்கு வந்த அன்று, என்னையும் இழுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மதிய மணி அடித்திருந்தது. ஆசிரியர் அறை வாசலில் நின்று, தாள்களை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி கடைசிப் பக்கத்தை முதலில் மனசுக்குள் வாசித்தார். பிறகு தலைமை ஆசிரியையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு சொல் விடாமல் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். முடித்துவிட்டுத் தாள்களை மடித்தார்.

"சாப்பிட்டியளா?" என்றார் அவரிடம்.

அண்ணன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். நான் ரோட்டுப் பக்கம் திரும்பி, வராத பஸ்ஸை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.