திரும்பப்போடு அண்ணை

உலகத்தில் உள்ள எல்லாப் பழுதுக்கும் ஒரே மருந்து வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சாவகச்சேரியில் எங்கள் வரைபடக் கந்தோரில் எனக்கு அடுத்த மேசை. “நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடும் தம்பி” என்பதுதான் அந்த மருந்து; அதாவது, அணைத்துவிட்டு மறுபடி இயக்க வேண்டும். அவருக்குப் பெயரே திரும்பப்போடு அண்ணை என்றாகிவிட்டது.

மின்விசிறி கத்தினாலும் அதுதான், மோட்டார் சைக்கிள் இருமினாலும் அதுதான். வீட்டில் மனைவி கோபமாக இருந்தால் வாசல் படலை வரை போய் மறுபடி உள்ளே வருவாராம்.

“வேலை செய்யுமோ அண்ணை?”

“சிலவேளை ரெண்டாந்தரமும் போகவேணும்.”

இவரோடுதான் அந்த வாரம் மாட்டிக்கொண்டேன். தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு கோயிலில் கொடியேற்றம் நெருங்கியிருந்தது. போன வருடம் காவடிக்காரர் தண்ணீருக்கு அலைந்தார்கள். இம்முறை தண்ணீர்த் தாங்கிகளை எங்கே வைப்பதென்று நாங்கள் வரைந்து கொடுக்க வேண்டும். வரும் சனத்தை இடத்தின் பரப்பால் வகுத்துப் புள்ளி குறிக்க, வரைபட மென்பொருளில் ஒரு சிறு நிரல் எழுதினேன். மற்ற இடமெல்லாம் ஒழுங்காக ஓடிய நிரல், கோயில் வெளிவீதிக்கு வந்ததும் படுத்துவிடும். வரி வரியாகப் பார்த்தேன். மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். கண் எரிந்தது. தாங்கி ஏற்றும் லொறிக்காரர் படத்துக்காகக் காத்திருந்தார். அண்ணையோ விடாமல் மருந்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரையே நிப்பாட்டினால் என்ன என்றிருந்தது.

கடைசியில் வெளிவீதியின் பரப்பைப் பார்த்தேன். பூச்சியம். பூச்சியத்தால் வகுக்கச் சொன்னால் நிரல் பாவம், என்ன செய்யும்? கைபேசியோடு சுற்றி நடந்து அந்த வீதியை அளந்தவர் அண்ணை; நடக்கும் வழியெல்லாம் கைபேசி புள்ளி புள்ளியாகப் பதியும். பதிந்திருந்ததோ ஒரே ஒரு புள்ளி.

“அண்ணை, வீதியைச் சுத்தி நடந்தனீங்களோ?”

“ஓம், முழுசாச் சுத்தினனான்.”

“போன் எங்கை இருந்தது?”

“சட்டைப் பொக்கற்றுக்கை.”

“சட்டை?”

அண்ணை கொஞ்சம் யோசித்தார். “கோயில் வீதியை ஆர் தம்பி சட்டையோடை சுத்துறது? கழட்டிப் பூக்கடையிலை குடுத்திட்டெல்லோ நடந்தனான்.”

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அண்ணையைக் காணவில்லை. உச்சி வெயிலில் போய், கைபேசியை வேட்டி மடியில் செருகிக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு மறுபடி சுற்றியிருக்கிறார். நிரல் ஓடியது. படம் லொறிக்காரரிடம் போனது.

திருவிழாவன்று சனத்துக்குள் நசுங்கி, நா வறண்டு, ஒரு தாங்கியடியில் போய் நின்றேன். அங்கே வெறும் மேலோடு, கால் கொப்புளம் இன்னும் ஆறாமல், அண்ணை எல்லோருக்கும் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு செம்பை நீட்டினார்.

“நல்லாக் களைச்சுப் போனீர். குடிச்சிட்டு, ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடும்.”

குடித்துக் கொஞ்சம் நின்றேன்; களைப்புப் போனது. அந்த மருந்து வேலை செய்ததை அன்றுதான் கண்டேன்.