எல்கானாவின் இருமல்

மாமியார் ஐந்து மணிக்கு வருகிறாள். எல்கானாவுக்கு மூன்றரைக்குத்தான் ஞாபகம் வந்தது.

திபேரியாவில் புது வீட்டுக்குக் குடிவந்து இரண்டு நாள்தான். யூத வீடென்றால் வாசல் நிலையில் மெசூசா, அதாவது வேதச் சுருள் வைத்த சின்னப் பேழை, பதிக்க வேண்டும். அவன் மனைவி திர்சா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும், "அதெல்லாம் வாங்கியாச்சு!" என்று மார்தட்டியிருந்தான். வாங்கியது என்னவோ பேழை மட்டும்தான். ஒலிவ மரம், ஜோரான வேலைப்பாடு. உள்ளே வைக்கவேண்டிய வேதச் சுருளை மறந்தேபோயிருந்தான். சுருள் இல்லாவிட்டால் அது மெசூசா இல்லை, வெறும் மரக்கட்டை.

சுருள் எழுதுகிறவர் கடைக்கு ஓட்டமாய் ஓடினான். பூட்டு. 'பெண்ணுக்குக் கல்யாணம், நாளை வருவேன்' என்று கதவில் சீட்டு.

சொட்டச் சொட்ட வேர்த்துப்போய்த் திரும்பினான். உண்மையைச் சொன்னால் மாமியார் சிம்ஹா சுற்றத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சொல்லாமல் காலிப் பேழையைப் பதிக்கலாமென்றால், ஆசீர்வாதம் ஓத வேண்டும். ஆசீர்வாதத்தில் ஆண்டவன் பெயர் வருகிறது. வெறும் கட்டைக்காக அந்தப் பெயரை வீணாக உச்சரிப்பதா? அது பெரும் பாவம்.

பிறகு ஒரு யோசனை உதித்தது. பெயர் வருகிற இடத்தில் இருமிவிடுவது! நாளைக்குச் சுருளை வாங்கி, ரகசியமாக உள்ளே வைத்து, முறைப்படி ஓதிவிடுவது.

இருமிப் பழகிக்கொண்டிருந்தபோது திர்சா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே! தொண்டை கரகரன்னு..."

"மெசூசா தயார்தானே?"

"தயார், தயார்!"

"என் தங்கமே! அப்புறம், அம்மா இங்கேயே தங்கட்டுமே. பஸ்கா பண்டிகை முடியிற வரைக்கும்."

"பஸ்காவா? அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே!"

"ஏன், கசக்குதா? அந்தப் பேழையை எடுங்க, எப்படி இருக்குன்னு திறந்து பாக்கலாம்..."

"தங்கட்டும்! தாராளமா தங்கட்டும்!"

"உங்க சின்ன ரூம்லதான் இடம் இருக்கு."

அந்தச் சின்ன அறைதான் அவனுடைய சொர்க்கம். பகடைப் பலகையும் சாய்வு நாற்காலியும் அங்கேதான் இருந்தன.

"அந்த ரூமா, திர்சா..."

"சுருளைச் சரிபார்த்துத்தானே வாங்கினீங்க?"

"ரூமை எடுத்துக்கோ!"

சரியாக ஐந்துக்குச் சிம்ஹா வந்தாள். ஒரு பெட்டியும் இரண்டு தலையணையும் கூடவே வந்தன.

எல்கானா பேழையை நிலையில் சாய்த்துப் பிடித்தான்.

"பாருக்... அத்தா..." என்று ஆசீர்வாதத்தை முனகினான். அடுத்த சொல் அந்தப் பெயர். "லொக்! லொக்! லொக்!"

"என்ன மாப்பிள்ளை, சாமி பேரு வர்ற நேரத்துல இருமல்? தண்ணி குடிச்சிட்டு முதல்லேருந்து சொல்லுங்க. சத்தமா! எனக்குக் காது மந்தம்."

தண்ணீர் குடித்தான். மறுபடியும் அதே இடத்தில் அதே இருமல். மூன்றாம் தடவை இருமியபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி முடியாது. திர்சாவைச் சமையலறைக்கு இழுத்துப்போனான்.

"திர்சா, நான் பாவி. அந்தப் பேழை காலி. சுருளே இல்லை. பொய்யா ஆண்டவன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

திர்சா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"தைரியமா ஓதுங்க. சுருள் உள்ளேதான் இருக்கு. மத்தியானம் தூசி தட்டும்போது திறந்து பாத்தேன், காலியா இருந்துச்சு. சுருள் எழுதுறவர் கல்யாணத்துக்குக் கிளம்புறதுக்குள்ள ஓடிப்போய் வாங்கியாந்து வெச்சேன்."

எல்கானாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் காலிலேயே விழுந்திருப்பான். அதற்குள் ஏதோ உறைத்தது.

"மத்தியானமே தெரியுமா? அப்புறம் ஏன் என்னை இப்படி வதைச்சே? தெரிஞ்சிருந்தா நான் ரூமை..."

"சரி, வாங்க, அம்மா காத்திருக்காங்க. இதை முடிச்சிட்டு அம்மா தங்கப்போற அந்தச் சின்ன ரூம் நிலையிலயும் ஒரு மெசூசா பதிச்சிடுங்க."

"அதுக்கு ஏது சுருள்?"

"மத்தியானமே ரெண்டாத்தானே வாங்கினேன்!"