மூன்று கையெழுத்தும் ஒரு காலிக் கட்டமும்

அரசு அலுவலகத்தில் லஞ்சம் வாங்குகிறவன் மட்டும்தான் தப்பு செய்கிறவன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் வாங்கியது தினமும் ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும்தான். (அதற்கும் அதே பெயர்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.)

திருவொற்றியூரில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் பாக்கி. வேலை நிரந்தரமானால்தான் ராயபுரத்து ஸ்டெல்லாவை எனக்குக் கட்டிக்கொடுப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

சீனியர் செல்வம் அண்ணனுக்குக் கல்மண்டபத்தில் ஷாமியானா வாடகைத் தொழில். முகூர்த்த நாட்களில் அவரும் அலுவலக நண்பர்கள் இருவரும் அங்கேதான். வருகைப் பதிவேட்டில் அவர்களுக்குக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அதற்காகத்தான் அவர் வாங்கித் தரும் அந்த டீயும் பஜ்ஜியும்.

"என் கையெழுத்த என்னவிட சோக்கா போடுற நைனா!" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. வீட்டில் பழைய நோட்டில் பயிற்சி வேறு எடுத்தேன்.

அன்றும் முகூர்த்தம். மூன்றையும் சுழித்து, தள்ளி நின்று ரசித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பத்தரைக்கு மேலதிகாரி திடீரென்று ஆய்வுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தார்.

"ஜோசப்னு ஒருத்தர் மட்டும் இன்னைக்கு வரல போல?"

"நான்தான் சார் ஜோசப். வந்திருக்கேன்."

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். என் கட்டம் காலி. வராத மூவரும் வந்திருந்தார்கள், வந்த நான் வரவில்லை.

"சரி, செல்வம் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கார் சார்."

"போன் போடு. ஸ்பீக்கர்ல."

செல்வம் அண்ணன் உடனே எடுத்தார். "இன்னா நைனா, மூணு பேருக்கும் போட்டுட்டியா? நான் பந்தல் கட்டிகினு கீறேன். எவனாவது கேட்டா டீக்குப் போய்கீறார்னு சொல்லு!"

அதிகாரி சிரிக்கவில்லை. (நான் அழுதேன்.) அவர்கள் மூவரும் சஸ்பெண்ட். எனக்கு மெமோ, தகுதிகாண் காலம் ஒரு வருஷம் நீட்டிப்பு. அன்றைக்கு நான் வரவில்லை என்றே பதிந்தார்கள்.

ஸ்டெல்லாவிடம் நானே போய்ச் சொன்னேன். "ஒரு வருசம் நான் காத்துகினு இருக்கேன். இனிமே எவனுக்காவது போட்ட, கைய ஒட்ச்சிடுவேன்" என்றாள். அவள் அப்பா அந்த வருஷம் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருஷம் சர்ச்சில் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். மாமனார் என் தோளைத் தட்டி, எல்லோர் காதிலும் விழும்படி, "மாப்ள, இன்னிக்கு உங்க கையெழுத்தையே போடுங்க" என்றார். பாதிரியாரே சிரித்துவிட்டார்.

இன்றும் என் மகள் மதிப்பெண் அட்டையை நீட்டும்போது, "அப்பா, உன்னோடதுதானே போடுவ?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தருகிறாள்.