துவக்கண்ணையும் பொட்டு வைத்த ரவைகளும்

துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்குப் பயந்து ஜெர்மனிக்கு ஓடிவந்த யாழ்ப்பாணத்தாரில், வந்த இடத்தில் சொந்தக் காசு கொடுத்துத் துவக்கு வாங்கிய ஒரே ஆள் எங்கள் துவக்கண்ணைதான். நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரில் அவருடைய இயற்பெயர் யாருக்கும் தெரியாது. அவருடைய மனைவிக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கல்யாண அழைப்பிதழிலும் 'துவக்கண்ணை குடும்பம்' என்றுதான் எழுதுவோம்.

எங்கள் இருவருக்கும் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அண்ணை வேட்டைக்காரர் பரீட்சைக்குப் படித்தார். மானின் வயிற்றில் வரும் புழு வகைகளை ஜெர்மன் மொழியில் ஒப்புவித்து, என் மத்தியானச் சாப்பாட்டைப் பல நாள் கெடுத்தார். முதல் தடவையிலேயே பாஸ். உடனே பழைய மாதிரித் துவக்கு ஒன்றை வாங்கினார். விசையைச் சுற்றி ஒரு இரும்புப் பிடி இருக்கும். அதைக் கீழே இறக்கி மேலே ஏற்றினால் அடுத்த ரவை உள்ளே போகும். ரவை என்றால் எங்கள் பேச்சில் தோட்டா.

துவக்கு வாங்க ஒரு நாள் ஆனது. ரவை வாங்க மூன்று மாதம்.

சனிக்கிழமை வந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போவார். ஒரு நாள் பசி தாங்காமல் கையில் அகப்பட்ட பெட்டியைக் காட்டினேன்.

"அண்ணை, இந்தக் கூர் ரவை வடிவாத்தானே இருக்கு. எடுங்கோவன்."

"உனக்கென்ன விசரே? இந்தத் துவக்கிலை ரவையள் குழாய்க்குள்ளை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் படுக்கும். கூர் மூக்கு, முன்னாலை கிடக்கிறதின்ரை அடியிலை குத்தும். வெடிக்கிற மருந்து அங்கைதான் இருக்கு. ஒரு குலுக்குக் காணும், என்ரை கை போயிடும். தட்டை மூக்குத்தான் வேணும்."

தட்டை மூக்கு முடிவானது. ஈய ரவையால் வேட்டையாட எங்கள் மாநிலத்தில் அனுமதி இல்லை, ஆகவே செம்பு. செம்பிலும் கனம் கூடியதா குறைந்ததா என்று அடுத்த பிரச்சினை. ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி வாங்கிச் சுடுதளத்தில் காகிதத்தைச் சுட்டார். ஓட்டைகளுக்கு நடுவே அடிமட்டம் வைத்து அளந்தார். பிறகு கடைக்காரரிடம் வந்து, இது பட்ட பிறகு மான் எத்தனை மீற்றர் ஓடும் என்று கேட்பார். முப்பது இருக்கலாம் என்பார் கடைக்காரர். கூடிப்போச்சு என்று அண்ணை பெட்டியைத் திருப்பி வைப்பார். ஐந்தாவது சனிக்கிழமை எங்களைக் கண்டதும் கடைக்காரர் பின்னறைக்குள் போய்விட்டார். அண்ணை அசரவில்லை. பின்னறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அண்ணையை வேட்டைக்கு அனுமதித்த காடு, ஹைனர் என்ற பண்ணைக்காரரின் குத்தகையில் இருந்தது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒக்டோபர் முடிவதற்குள் ஒரு மானை ஒழுங்காகச் சுட்டுக் காட்டாவிட்டால், அண்ணையின் இடத்தை, அதற்காகக் காத்திருக்கும் ஒரு பல் வைத்தியருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அண்ணை கிழமை முழுவதும் சூப் கிளறியதே அந்தக் காட்டுப் பரணில் ஏறி உட்காருவதற்காகத்தான். அன்றைக்கே ஓடிப்போய்த் தட்டை மூக்குச் செம்பு ரவை ஒன்றை முடிவு செய்தார். கடைக்காரர் கண் கலங்கியதாக எனக்கு ஞாபகம்.

ஒக்டோபரில் இரண்டே சனிக்கிழமை மிச்சம். முதலாவதில் விடியவே பரணில் ஏறினோம். ஹைனர் காட்டோரத்தில் நின்று தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது மீற்றரில் ஒரு மான் வந்து பக்கவாட்டில் நின்றது. அண்ணை பிடியை இறக்கினார், ஏற்றினார். பாதியில் இறுகிவிட்டது. பிழையான திறப்பைப் பூட்டில் போட்டுவிட்டு வீட்டு வாசலில் நிற்பவரைப்போல் இழுத்தார், தள்ளினார், வியர்த்தார். மான் எங்களை நிதானமாகப் பார்த்தது. மிச்சப் புல்லையும் தின்று முடித்துவிட்டுப் போனது.

ஹைனர் வந்து ரவையைப் பக்குவமாக வெளியே எடுத்தார். அதன் உடம்பில் காய்ந்த சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமப் பொட்டு.

முந்திய கிழமை ஆயுத பூசை. மனைவி தையல் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்க, அண்ணை இருபது ரவைக்கும் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். துடைக்க மனம் வரவில்லையாம்.

"இடம் போச்சடா" என்றார் என்னிடம் மெல்ல.

ஹைனரிடம் திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னார். ஹைனர் பொட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, தானும் ஒவ்வொரு நவம்பரிலும் வேட்டைக்காரருக்காக நடக்கும் தேவாலயப் பூசைக்குத் தன் நாயைக் கூட்டிப்போய்த் தீர்த்தம் தெளிப்பிப்பதாகச் சொன்னார். "நாய்க்குத் தெளித்தால் நாய் இறுகாது. அடுத்த சனிக்கிழமை துடைத்துக்கொண்டு வா."

காரில் வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"துவக்குக்கு மட்டும் பொட்டு வச்சாக் காணாதே அண்ணை?"

"துவக்கு என்னட்டைத்தானே இருக்கும். ரவைதானே அங்கை போறது." தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "ஊரிலை எத்தினை பேர் கிடந்து துடிச்சதைப் பாத்திட்டம். என்ரை கையாலை ஒண்டும் துடிக்கக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும்."

மூன்று மாதமாகக் கடை வாசலில் நின்று அவரை நான் பண்ணிய கேலியெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது, ஒரு மீற்றர்கூட ஓடவில்லை. இங்குள்ள வழக்கப்படி ஹைனர் ஒரு சிறு கிளையை ஒடித்து, கடைசி வாய்ச் சாப்பாடாக மானின் வாயில் வைத்தார். அண்ணை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பல் வைத்தியர் இன்றைக்கும் காத்திருக்கிறார்.

எனக்கு இப்போதும் துவக்கைக் கண்டால் பயம்தான். ஆனால் இந்த உலகத்தில் யாராவது ஒருவர் கையில் துவக்கு இருந்தே ஆக வேண்டும் என்றால், அது எங்கள் அண்ணை கையில் இருக்கட்டும்.